ஹாஃப்வே ஹவுஸ் லாரியில் வீடு மாறினோம்

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை சுத்தம், விலை நியாயம், நேரம் காப்பதில் மட்டும் சுமார். தாராளமாகக் கூப்பிடலாம். ஆனால் தர்மம் செய்கிறோம் என்ற நினைப்போடு கூப்பிட வேண்டாம்.

நான் எழுதுவது ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லம் நடத்தும் வீடு மாற்றும் சேவையைப் பற்றி. சிறையிலிருந்தும் போதைமருந்து மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் வருகிறவர்கள் வீடு திரும்புவதற்கு முன் சில மாதங்கள் தங்கும் இடம் அது. சிங்கப்பூரில் நாமெல்லாம் ஹாஃப்வே ஹவுஸ் என்றுதான் சொல்வோம். அங்கே தங்கியிருப்பவர்களே லாரியோடு வந்து சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கி, புது வீட்டில் அடுக்கியும் கொடுக்கிறார்கள். இல்லத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். வேலைக்கு வந்தவர்களை யாரும் தேடிப்பிடித்து அடையாளம் காணக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்தில் லாஷிங் வேலைக்கு, அதாவது கப்பலில் சரக்கை இறுக்கிக் கட்டும் வேலைக்கு, சேர்ந்து போர்மேனாக ஓய்வுபெற்றவன். தஞ்சோங் பகாரில் தொடங்கி பாசிர் பாஞ்சாங்கில் முடித்தேன். பெல்ட், கயிறு, பாரம் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. லாரியில் சாமான் ஏற்றுவதை ஓரமாக நின்று பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. ஏற்றுகிறவர்களுக்குத்தான் தொல்லை.

அங் மோ கியோவில் பிள்ளைகள் வளர்ந்த நான்கறை வீட்டை விற்றுவிட்டு, நானும் மனைவியும் உட்லண்ட்ஸில் ஓர் ஈரறை ஃபிளெக்ஸி என்ற சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். தொண்ணூறு சதுர மீட்டருக்கு மேல் இருந்த வீட்டுச் சாமானை நாற்பத்தைந்துக்குள் அடக்க வேண்டும். பாதியைக் கழித்துக்கட்டுவதே பெரும்பாடு. எங்கள் நகரமன்றம் மாதத்துக்கு மூன்று பெரிய சாமான்கள் வரை இலவசமாக எடுத்துப்போகிறது. அதில் கொஞ்சம் போனது. மிச்சத்துக்கு ஆள் தேடினோம்.

இந்த இல்லம் எனக்குத் தெரியவந்தது எங்கள் சபையில்தான். இப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து அவ்வப்போது ஆட்களை அழைத்து ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். ஒரு தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு தான் எங்கே விழுந்தேன், எப்படி எழுந்தேன் என்று சொல்வார். சபையே கண்ணைத் துடைக்கும். ஸ்தோத்திரம் சொல்லும். காணிக்கை எடுப்போம், அப்புறம் கீழே போய் பிரியாணி சாப்பிடுவோம். அன்று பின்பக்க மேசையில் அவர்கள் ஒரு கட்டு கார்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்: வீடு மாற்றித் தருகிறோம், பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்த்துத் தருகிறோம் என்று. அடுத்த வாரமும் அந்தக் கட்டு குறையாமல் அப்படியே கிடந்தது.

நான் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆண்கள் ஐக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர், "வீட்டு அட்ரஸையே அவங்க கையில குடுக்கிறீங்களே" என்றார். இன்னொருவர், "ஊழியம்தானே, பாதி விலைக்குப் பண்ணித்தரச் சொல்லுங்க" என்றார். இரண்டு பேரும் சாட்சி வேளையில் கண்ணைத் துடைத்தவர்கள்தான்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

போன் செய்தால் அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கிறார்கள். எடுத்தவர் ஓர் அம்மா, பொறுமையாகப் பேசினார். ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். எது வருகிறது, எது வரவில்லை, எந்த மாடி, லாரி எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடியும் என்று வரிசையாகக் கேட்டார். சொன்ன விலை 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கழற்றுவது, மறுபடி பூட்டுவது, அட்டைப்பெட்டி, துணி சுற்றுவது எல்லாம் சேர்த்து. ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு கம்பெனிகளிடம் கேட்டேன், ஒன்று 550 சொன்னது, பெட்டிக்குத் தனிக் காசு, மற்றது 720. ஆக, மலிவு என்றும் சொல்ல முடியாது, அதிகம் என்றும் சொல்ல முடியாது. பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் பத்திருபது குறைத்திருப்பார்களோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். காலை ஒன்பதரைக்கு முன்னும் வரமாட்டார்கள். எழுந்ததும் படுக்கை மடித்து, இடம் கூட்டி, தியானம், வேதபாடம் என்று அங்கே காலை ஒரு ஒழுங்கில் ஓடுகிறது; அது முடிந்துதான் லாரி கிளம்பும். விடிகாலையிலேயே வேலையை முடித்துவிட்டு மதியம் புது வீட்டில் குளித்துவிட்டு உட்கார வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது தோதுப்படாது.

எனக்குச் சொன்ன நேரம் ஒன்பதரை; வந்தது பத்தேகால் தாண்டி. முன்கூட்டி ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. கேட்டதற்கு, குழுவில் ஒருவர் அன்று காலை சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டியிருந்தது, அங்கே வரிசை நீண்டுவிட்டது என்றார் மேற்பார்வையாளர். மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. ஆனால் அது முன்பே தெரிந்த விஷயம்தானே? பத்து மணி என்றே சொல்லியிருக்கலாம்.

வந்தவர்கள் நாலு பேர். மேற்பார்வையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய சீனர், பேச்சு பாதி பசார் மலாய், சந்தையில் புழங்கும் கொச்சை மலாய். இரண்டு முழங்கையிலும் பழைய பச்சைகுத்து. அவரே ஒரு காலத்தில் அந்த இல்லத்தில் தங்கியிருந்தவர்தான், இப்போது சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். அடுத்து நம்ம தமிழ்த் தம்பி, முப்பது முப்பத்திரண்டு இருக்கும். ஒரு வாட்டசாட்டமான ஆள், பேசவே இல்லை. கடைசியாக ஒரு சின்னப் பையன், மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. லாரிப் பக்கத்தில் நாலு பேரும் நின்று தலை குனிந்தார்கள், அரை நிமிஷம், முடிந்தது. கைதூக்கி ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. பக்கத்துப் புளோக்கிலிருந்து எட்டிப் பார்த்த ஆண்ட்டிகூட அதை ஏதோ வேலைப் பங்கீட்டுப் பேச்சு என்றுதான் நினைத்திருப்பார்.

இனி எங்கள் தேக்கு அலமாரி. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. இரண்டு கதவு, ஒன்றில் ஆளுயரக் கண்ணாடி, கீழே பித்தளைப் பிடியோடு இழுப்பறை. அங் மோ கியோவுக்கு அது வந்த காலத்தில் எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது; இரண்டு மாடி தள்ளி இறங்கி நடக்க வேண்டும். படியில் தூக்கி வரும்போது ஒரு மூலை அடிபட்டது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அரசாங்கம் 2001-ல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்குக்கும் வந்து, இப்போது மாடிக்கு மாடி நிற்கிறது. ஆனால் அலமாரியை நிமிர்த்தி வைத்தால் தலை இடிக்கும், சாய்த்தால் கதவு மூடாது. முதலில் பார்க்க வந்த வேறொரு கம்பெனிக்காரர், "வித்துடுங்க அங்கிள், இதெல்லாம் இப்ப யாரும் வச்சுக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தமிழ்த் தம்பி அதைத் தொடுவதற்கு முன் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தார். தரையில் படுத்து அடியையும் பார்த்தார். பிறகு விரலால் ஓரிடத்தைத் தட்டி, "அண்ணே, இதுல ஆணி இல்ல, ஆப்பு. மேல்தலை தனியா கழலும்" என்றார். இத்தனை வருஷம் அந்த அலமாரியோடு குடியிருக்கிறோம், எங்களுக்கே தெரியாது. ரப்பர் சுத்தியலின் முகத்தில் துணி சுற்றி, அடியிலிருந்து மெல்லத் தட்டத் தட்ட, ஆப்பு ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தது. மேல் மகுடம் அப்படியே கையோடு வந்துவிட்டது. அடுத்து கீல்கள். பெட்டியில் மிஷின் டிரைவர் இருந்தும் அதை எடுக்கவில்லை. கையால் திருகும் திருப்புளி. ஏன் என்று கேட்டேன். "பித்தளை ஸ்க்ரூ அண்ணே. மிஷின் வச்சா தலை வழுக்கிப் போயிரும். அப்புறம் இதே மாதிரி எங்க தேடுறது?" ஒவ்வொரு கீலின் திருகாணிகளையும் தனித்தனிச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மார்க்கர் பேனாவால் "இடது மேல்", "இடது கீழ்" என்று தமிழில் எழுதி, அந்தந்தக் கதவின் உட்பக்கத்திலேயே ஒட்டினார். எழுத்து ஒன்றும் அழகாக இல்லை. வேண்டியதும் இல்லை.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். ஓஃபிர் ரோட்டில் 1888-ல் திறந்த லூர்து மாதா கோயிலில் வளர்ந்தவள். அவள் அதைப் பார்த்துவிட்டு, ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் தம் மடத்துக்கு எழுதிய விதியை என்னிடம் சொன்னாள்: மடத்தின் கருவி, பாத்திரம் எல்லாவற்றையும் பலிபீடத்துப் பாத்திரம்போல நினைத்துக் கையாள வேண்டுமாம். மெதடிஸ்ட்காரன் எனக்கு அது புதிது. ஆனால் திருகாணிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் கைவேலையைத் தம்பி உள்ளே இருக்கும்போது கற்றாரா என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: இல்லத்தின் மரவேலைப் பட்டறையில். முதல் சில மாதம் வெளியே அனுப்பமாட்டார்களாம். பழைய நாற்காலிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் வேலை. "தேச்சுக்கிட்டே இருக்கணும் அண்ணே. கோவம் வந்தாலும் தேய்க்கணும், தூக்கம் வந்தாலும் தேய்க்கணும்."

லாரியில் ஏற்றிய விதத்தைப் பற்றி நான் சொல்லாவிட்டால் என் பழைய சகாக்கள் மன்னிக்கமாட்டார்கள். கனமானது முன்னால், ஓட்டுநர் கேபினை ஒட்டி. ஆட்டுக்கல் தரையில், நாலு பக்கமும் அண்டை கொடுத்து. கண்ணாடிக் கதவு இரண்டு மெத்தைக்கு நடுவில் நிமிர்த்தி. அலமாரியின் விளிம்பில் பெல்ட் அழுந்தும் இடங்களில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் பெல்ட்டின் கொக்கியைப் பக்கத் தடுப்பின் கம்பியில் மாட்டியிருந்தார்கள். திருப்பத்தில் தடுப்பு ஆடினால் பெல்ட் தளரும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். ஏறிப் பார்த்தார், தலையாட்டினார், தரையில் இருந்த வளையத்துக்கு மாற்றினார். முகம் சுளிக்கவில்லை. வாடிக்கையாளர் வாயைத் திறந்தாலே எரிந்துவிழும் லாரிக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உட்லண்ட்ஸில் இறக்கும்போதுதான் அது நடந்தது. நான் அடுக்களையில் இருந்தேன். அந்தச் சின்னப் பையன் வாசலில் வந்து நின்றான். கூப்பிடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. கை இரண்டும் தொடையோடு ஒட்டி, பரேட்டில் நிற்கிற மாதிரி நின்றான். என்ன என்று கேட்டதும், ஷோகேஸின் நகர்த்துக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டுவிட்டது, நான்தான் செய்தேன், மூலையில் இடித்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். குரல் நடுங்கியது. நான் போய்ப் பார்த்தேன். கீழ்மூலையில் சிலந்திக்கால் மாதிரி ஒரு விரிசல். அவன் சொல்லாமல் விட்டிருந்தால், முன்னால் சாமான் அடுக்கிய பிறகு எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

துறைமுகத்தில் சேதமான சரக்கைப் பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். உடைந்தது தெரிந்ததும் மனுஷன் செய்கிற முதல் காரியம் சுற்றிப் பார்ப்பது, யாராவது கவனித்தார்களா என்று. இரண்டாவது காரியம், அதை வேறு பக்கம் திருப்பி வைப்பது. பட்டம் வாங்கினவர்களும் இதைத்தான் செய்வார்கள். இந்தப் பையன் அந்த இரண்டையும் தாண்டி நேராக அடுக்களை வாசலுக்கு வந்திருக்கிறான்.

பழைய கண்ணாடி, போகட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் விடவில்லை. பையில் இருந்து படிவத்தை எடுத்து, என்ன உடைந்தது, யார் கையில், எப்போது என்று எழுதி, பையனிடம் கையெழுத்து வாங்கி, கண்ணாடிக்கடையில் போன் போட்டு விலை கேட்டு, பில்லில் 40 வெள்ளி கழித்தார். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப்போய் மலாயில் சொன்னது இதுதான்: "அங்கிள், உங்களுக்காக இல்லை. அவன் இதுவரைக்கும் உடைச்சது எதுக்கும் யாரும் கணக்குக் கேட்டதில்லை, இல்லாட்டி அடிச்சிருக்காங்க. இன்னிக்கு அவனே வந்து சொல்லியிருக்கான். சொன்னா என்ன ஆகும்னு அவன் பார்க்கணும். பேப்பர்ல எழுதி, காசு கட்டி, முடிஞ்சுது, வேலைக்குத் திரும்பு." அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த 40 வெள்ளி பையனின் படியிலிருந்து போகாது, இல்லத்தின் கணக்கிலிருந்துதான் என்றும் சொன்னார்.

சாப்பாட்டு வேளையில் கீழே கடையில் நாசி லெமாக் வாங்கிவந்தேன். தமிழ்த் தம்பியிடம், இப்போது வேதாகமத்தில் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். சங்கீதம், யோவான் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "லேவியராகமம் அண்ணே" என்றார் சோகமாக. "ஆரம்பத்துல இருந்து வரிசையா போறாங்க. ஒரே பலியா வருது, ஆடு, மாடு, கொழுப்பு. ஒண்ணும் புரியல." எனக்கும் அது கடினமான புத்தகம்தான் என்றேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, பிறனுக்கு வஞ்சனை செய்து பறித்த பொருளை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அதே லேவியராகமம் 6-ம் அதிகாரத்தில் வருகிறது என்று. நல்லவேளை, இது வஞ்சனை இல்லை, வெறும் கைத்தவறு. இல்லையென்றால் மேற்பார்வையாளர் 48 வெள்ளி கழித்திருப்பார்.

அந்தத் தம்பி இந்துக் குடும்பம். அம்மா சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை தவறாமல் போகிறவர். மகனைப் பார்க்க வரும்போது புளியோதரை கட்டிக்கொண்டு வருவாராம், மொத்த அறையும் பங்கு கேட்குமாம். ஏன் இந்த இல்லத்துக்கு வந்தீர்கள் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. சிங்கப்பூரில் இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமமும் இருக்கிறது, மலாய் முஸ்லிம் சமூகத்துக்கு பெர்த்தாப்பிஸ் என்ற அமைப்பு நடத்தும் இல்லமும் இருக்கிறது. இவர் இதில் வந்து சேர்ந்திருக்கிறார். ஞானஸ்நானம் எடுத்துவிட்டாரா என்று எங்கள் சபையில் சிலர் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அவர் என்னிடம் பேசியதெல்லாம் வேறு. ஜெபம் பண்ணுவது சுலபம், தினமும் ஒரே நேரத்துக்கு எழுவது கஷ்டம், அதைவிடக் கஷ்டம் அறையில் கூட இருப்பவனிடம் மன்னிப்புக் கேட்பது என்றார். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாங்கள் வருஷம் தவறாமல் முகாம் வைத்துப் பேசுகிறோம். இவ்வளவு தெளிவாக எவரும் பிரித்துச் சொன்னதில்லை.

இந்த இல்லங்கள் எப்படி வந்தன என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1970களில் ஹெராயின் இங்கே புகுந்து விளையாடியது. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971-ல் வந்தது, சட்டம் 1973-ல் இறுகியது, 1977-ல் ஆபரேஷன் ஃபெரட் என்று தெருத்தெருவாகப் பிடித்து மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பிடித்தாயிற்று, வெளியே வந்த பிறகு? அந்த இடைவெளியில்தான் டீன் சேலஞ்ச், தி ஹைடிங் பிளேஸ், பிரேக்த்ரூ மிஷன்ஸ், தி ஹெல்பிங் ஹேண்ட் போன்ற கிறிஸ்தவ இல்லங்கள் அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக எழுந்தன. (நான் கூப்பிட்டது இந்த நாலில் ஒன்று இல்லை, ஊகிக்க வேண்டாம்.) விடுதலையாகி வருகிறவர்களுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கச் சொல்லும் மஞ்சள் ரிப்பன் திட்டம் வந்ததெல்லாம் 2004-ல்தான். 1998-ல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் திரும்ப உள்ளே போனார்கள். இப்போது அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவராகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஐந்து வருஷக் கணக்கை எடுத்தால் இன்னும் மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்புகிறார்கள். ஆக, வெளியே வந்ததும் கிடைக்கும் படுக்கையும் வேலையும் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் வருஷங்களிலும் யாராவது சம்பளத்துக்கு அழைக்க வேண்டும்.

இதனால்தான் பாதி விலை கேட்ட நண்பர்மேல் எனக்குக் கோபம். எங்கள் மெதடிஸ்ட் சபை சிங்கப்பூருக்கு 1885-ல் வந்தது என்று ஆண்டுவிழாவில் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு நூற்றைம்பத்தைந்து வருஷம் முன்னால், 1730-ல், எங்கள் சபைப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் நண்பர்களும் மெதடிஸ்ட் என்ற பெயரே கேலிப்பெயராக இருந்த காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு கோட்டைச் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். வெஸ்லி கடைசிவரை பக்திக் கிரியை, இரக்கக் கிரியை என்று இரண்டையும் சேர்த்தே சொன்னவர். நாங்கள் அதில் முதல் பாதியை மேடையில் வைத்துக்கொண்டோம். சாட்சி சொல்ல மைக் கொடுக்கிறோம், வேலை கொடுக்கத் தள்ளுபடி கேட்கிறோம்.

இல்லத்தின்மீதும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நான் கொடுத்த 640 வெள்ளியில் தூக்கியவர்களுக்கு எவ்வளவு போகிறது? மேற்பார்வையாளரைக் கேட்டேன். தங்கியிருப்பவர்களுக்குச் சிறிய படி, அதில் ஒரு பகுதி சேமிப்பில் போட்டு வெளியேறும்போது கையில் கொடுக்கப்படும். தங்கும் செலவும் சாப்பாடும் அவர்களிடம் வாங்குவதில்லை, இந்த வருமானத்தில்தான் வீடே ஓடுகிறது. திட்டம் முடித்துவிட்டு வேலையில் தொடர்பவர்களுக்கு முழுச் சம்பளம் என்றார். நியாயமான பதில்தான். ஆனாலும் இதைப் பில்லிலேயே இரண்டு வரியில் அச்சடித்தால் நல்லது. கிறிஸ்தவ ஊழியம் என்ற பெயரில் மலிவாக வேலை வாங்குகிறார்கள் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு வாயால் சொல்லும் பதிலைவிட எழுத்தில் இருக்கும் பதில் மேல்.

மற்ற குறைகள் சிறியவை. பெட்டிகளில் எழுதியது போதவில்லை. கிச்சன் என்பதற்கு "கே" என்று ஒற்றை ஆங்கில எழுத்துப் போட்ட அடுக்களைப் பெட்டி இரண்டு, படுக்கையறைக்குப் போய்விட்டன. மறுநாள் காலை கோப்பி போட வடிகட்டியைத் தேடி மெத்தை ஓரமெல்லாம் துழாவினோம். சலவை இயந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், குழாயில் மாட்டித் தரமாட்டார்கள். ஏர்கானைத் தொடமாட்டார்கள். வேண்டாத சாமான்களை விற்பனைக்குத் தேறுமா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். எங்கள் சோபாவை எடுத்துக்கொண்டார்கள், பழைய மெத்தையை வேண்டாம் என்றுவிட்டார்கள். மெத்தைக்கு நான் நகரமன்றத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அலமாரியை மறுபடி பூட்டியபோது ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. கதவு முன்பு கொஞ்சம் கீழே உரசும். அதையும் கீலுக்கு அடியில் மெல்லிய அட்டை கொடுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார் அந்தத் தம்பி. யாரும் கேட்கவில்லை. மனைவி திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த அதிரசத்தை முழுசாக ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். எனக்கு ஒன்றுகூட வைக்கவில்லை.

கூப்பிடப்போகிறவர்களுக்குச் சில விஷயம். கையில் காசாக டிப்ஸ் கொடுக்க வேண்டாம். இல்லத்தின் விதி அது, காரணமும் உண்டு: பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவர் கையில் திடீரென்று கணக்கில் வராத ஐம்பது வெள்ளி இருப்பது நல்லதில்லை. கொடுக்க ஆசைப்பட்டால் அலுவலகத்துக்குப் பேநவ்வில் (கைபேசி வழிப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பி, இன்ன தேதிக் குழுவுக்கு என்று எழுதினால் போய்ச்சேரும். சாப்பாடு, பானம் தாராளமாகக் கொடுக்கலாம். சிகரெட் நீட்ட வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். "என்ன தப்பு பண்ணீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் குளியலறையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்களா?

மாதக் கடைசியில் கூட்டம் அதிகம், மூன்று நாலு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். வார நாட்களில் சுலபமாகக் கிடைக்கும். காண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடிக்கு) போகிறவர்கள் நிர்வாக அலுவலகத்தில் லிஃப்ட் நேரத்தையும் முன்பணத்தையும் நீங்களே பேசி முடித்துக்கொள்ள வேண்டும், இவர்கள் அதில் தலையிடுவதில்லை. பெட்டியின் நாலு பக்கமும் அறையின் பெயரை முழுசாக எழுதச் சொல்லிக் கேளுங்கள், எழுதுவார்கள். பழைய மரச்சாமான் இருக்கிற வீடு என்றால் யோசிக்காமல் இவர்களைக் கூப்பிடலாம். பியானோ இருந்தால் மட்டும் வேறு ஆளைப் பாருங்கள். அதற்கு வேண்டிய பலகையும் பெல்ட்டும் தங்களிடம் இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.